நீ சொன்னது நீ சொன்னபடியே

ரகு,

இதை நீ படிக்கும்போது நான் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். நேரில் பேசினால் என்ன நடக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். நீ வாயைத் திறப்பாய். நீ முடிப்பதற்குள் நீ சொல்ல வந்ததையும் நானே சொல்லி, அதற்குப் பதிலையும் நானே சொல்லி, பேசி முடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு அடுப்பைப் பார்க்க எழுந்துபோய்விடுவேன். நீ பிறந்ததிலிருந்து வந்த பழக்கம் இது. காகிதத்தில் என்றால் நான் சொல்வது மட்டும் இருக்கும். உன் பதில் உன்னிடமே பத்திரமாக இருக்கும்.

இன்னும் இரண்டு நாளில் நீ சுங்குவார்சத்திரத்துக்குக் குடிபோகிறாய். எனக்குப் பொதுவாகப் பரபரப்பு வராது. கல்யாண வீட்டில்கூட நான் ஆடிட்டர் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்று உன் அப்பா கேலி செய்வார். ஆனால் சில வாரங்களாக எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. புள்ளியியல் அலுவலகத்தில் நெல் விளைச்சல் கணக்கைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிடுகிறது. “மேடத்துக்கு இன்னா ஆச்சு, தன்னால சிரிக்கறாங்க” என்று பியூன் மற்றவர்களிடம் கேட்டாராம். இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருடத்தில் நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. நான் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். என்னைக் கேட்டால், இந்த வருடம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தவற்றில் நான் எழுதி வைக்க விரும்புவது நம் வீட்டு முன்னறையில் நடந்ததைத்தான்.

நீ பிறந்தபோது மூச்சுவிடத் தாமதமாயிற்று. கை, கால், நாக்கு மூன்றும் உன் பேச்சைக் கேட்காமல் போனதற்கு அதுதான் காரணம் என்றார்கள். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார்கள். முதல் செய்தியை எல்லோரும் நம்பினார்கள். இரண்டாவதை நம்புவதற்கு உன்னோடு பேசிப் பார்த்திருக்க வேண்டும், அதற்கு நீ பேசுவது புரிந்திருக்க வேண்டும். புரிந்தது எனக்கு மட்டும். அப்பாவுக்குப் பாதி புரியும், மீதியை என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். மற்றவர்களுக்கு உன் பேச்சு தொண்டையிலிருந்து வரும் ஒரு நீண்ட சத்தம். ‘சரி’ என்பது உன் வாயில் ‘ஆயீ’ என்று இழுபடும். ‘வெட்டு’ என்பது ‘ஹெவு’ என்று வெடிக்கும். எனக்கு அவை எல்லாம் தெளிவான தமிழ். அதனால் நான் உன் மொழிபெயர்ப்பாளராகிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆனால் நான் எப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளர் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். திருவள்ளூர் பெரிய மாமா வந்து தங்கியிருந்தது நினைவிருக்கிறதா? விடியற்காலையில் ரேடியோவை அலறவிட்டு, உன் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, “என்னடா ரகு, மாமாவப் பாத்து என்னமோ சொல்ற?” என்று கேட்டார். நீ சொன்னது, “இவர் எப்ப ஊருக்குப் போவார்?” நான் சொன்னது, “மாமா இன்னும் ரெண்டு நாள் இருக்கணுமாம்.” மாமா கண்கலங்கிப்போய் இன்னும் ரெண்டு நாள் இருந்தார். அந்த இரண்டு நாளும் நீ என்னோடு பேசவில்லை. நான் அதைக் குறும்பு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நியாயமான கோபம் என்று எனக்குப் படவே இல்லை.

இன்னொன்று சிரிப்பதற்கு இல்லாதது. பத்தாம் வகுப்புத் தேர்வை நீ தனித்தேர்வராக எழுதியபோது, நீ சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவரைப் போட்டார்கள். தாய் எழுதக் கூடாது என்பது விதி. நல்ல மனிதர், பாவம், நீ சொன்னதில் ஒன்றும் புரியாததால் தனக்குத் தெரிந்த விடைகளை எழுதிவைத்தார். நீ வெளியே வந்து வரலாற்றுத் தாளில் அவர் எழுதிய தப்புகளை ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னாய். தேர்ச்சி பெற்றுவிட்டாய். அதற்குப் பிறகு எந்தத் தேர்வும் எழுத மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாய். பாஸ் ஆகிவிட்டானே, அப்புறம் என்ன வருத்தம் என்று எல்லோரும் கேட்டார்கள். பாஸானது நீ இல்லை என்பதுதான் வருத்தம் என்று யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை.

செல்வி நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தது சாப்பாட்டுக்காக. என்னோடு வேலை செய்பவரின் மகள், சென்னையில் எம்.இ. படிக்கிறாள், சுங்குவார்சத்திரம் பக்கத்து ரப்பர் கம்பெனியில் புராஜெக்ட் என்பதுவரை எனக்குத் தெரியும். லாரிக்கும் காருக்கும் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் செய்யும் இடம். அங்கே ஒவ்வொரு சீலையும் ஒருவர் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, வெட்டு இருக்கிறதா, குமிழி இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். பார்ப்பவர் வாயால் சொன்னால் கம்ப்யூட்டரே குறித்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்பது அவள் வேலை. ஒரு நாள் அவள் தோசையைப் பிய்த்தபடி அலுத்துக்கொண்டாள். “ஒருத்தர் சொல்றதக் கத்துக்கிச்சுன்னா இன்னொருத்தர் சொல்றது புரியலங்குது ஆன்ட்டி. அந்த ஒருத்தரே காலைல ஒரு மாதிரி சொல்றார், சாப்ட்டுட்டு வந்து வேற மாதிரி சொல்றார். வெத்தலை போட்டா இன்னும் மோசம்.”

நீ ஏதோ சொன்னாய். “இன்னொரு தோசை போட்டுக்கச் சொல்றான்” என்றேன். (அது மட்டும் உண்மையான மொழிபெயர்ப்பு.) செல்வி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆன்ட்டி, தோசைன்னா அவர் எப்பவும் இப்படித்தான் சொல்வாரா?”

“எப்படி?” என்றேன். என் குரல் ஏறிவிட்டது.

“இதே மாதிரி. ஒவ்வொரு தடவையும் இதே மாதிரிதானா?”

“எல்லா நாளும் இப்படித்தான். அதுக்கென்ன?”

அவள் எச்சில் கையோடு எழுந்துவிட்டாள். “அப்ப அது போதும் ஆன்ட்டி! நல்ல உச்சரிப்பு, மோசமான உச்சரிப்பு எல்லாம் நமக்குத்தான். கம்ப்யூட்டருக்கு எல்லார் வாயும் ஒண்ணுதான். எப்படிச் சொன்னாலும் சரி, ஒரே மாதிரி சொன்னா அது கத்துக்கும்.”

எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசையில் ஏதோ தலைகீழாகப் புரண்டது போல இருந்தது. கணக்கில் வரும் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் என் வாழ்நாள் வேலையே, எனக்கு இது தோன்றவில்லை பார். ஒரு தராசு எப்போதும் ஐம்பது கிராம் கூடக் காட்டினால் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, கழித்துக்கொண்டால் போதும். ஒரு நாள் கூட, ஒரு நாள் குறையக் காட்டும் தராசுதான் உதவாது. இத்தனை வருடமாக ஊர் முழுக்க உன் நாக்கைத் திருத்தப் பார்த்தது. பேச்சுப் பயிற்சி, தேன் தடவுவது, வாயில் கூழாங்கல் போட்டுப் பேசவைப்பது, வேண்டுதல். திருத்த வேண்டியது கேட்கும் காதை என்று அந்தப் பெண் ஒரு தோசைக்கு நடுவில் சொல்லிவிட்டாள்.

உடனே நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. உன் பேச்சைக் கற்றுக்கொடுக்க என்று செல்வி கேட்டு வாங்கிய கம்ப்யூட்டர் கம்பெனி வேனில் வந்து இறங்கியபோது, அப்பாவும் டிரைவரும் அதைக் குழந்தை போலத் தூக்கி முன்னறையில் வைத்தபோது, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நீ பார்த்தாய். “இதுக்குப் பேரு ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் ஆன்ட்டி” என்றாள் செல்வி. செயற்கை அறிவாம். இயற்கை அறிவு இருப்பவர்கள் உன்னை எப்படி நடத்தினார்கள் என்று பார்த்த எனக்கு அந்தப் பெயரில் பெரிய மரியாதை ஏற்படவில்லை. நான் கேள்விகளாகக் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். நீ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அது ஊகிக்கும். ஊகம் தப்பானால் உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் நகர்த்திவைத்துக்கொள்ளும். அடுத்த முறை தப்பு கொஞ்சம் குறையும். “அவ்வளவுதானா?” என்றேன். “அவ்வளவுதான் ஆன்ட்டி. ஆனா அலுத்துக்காது.” அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகுதான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நீ உழைத்த உழைப்பை நான் மறக்க மாட்டேன். வியர்த்து ஊற்ற ஊற்ற ‘பிசிறு, பிசிறு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். கரண்டு போகும், எல்லோரும் விசிறியோடு காத்திருப்போம், வந்ததும் மறுபடி தொடங்குவாய். களைத்துவிட்டால் உன் குரல் மாறும், கம்ப்யூட்டர் உளறும், மறுநாள் காலையில் மீண்டும் கற்றுக்கொடுப்பாய். நான் சந்தேகப் பிராணி. செல்வி உனக்குச் சாதகமான சொல்லாகப் பார்த்துக் கேட்கிறாளோ என்று சொற்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடும் நேரமாகப் பார்த்துச் சோதித்தேன். கிரைண்டருக்கு அது திணறியது. அமைதியில் திணறவில்லை. தமிழ் எழுத்துகளைச் செல்வி புள்ளி புள்ளியாகத் தானே வரைந்து உள்ளே ஏற்றியிருந்தாள், அதனால் எல்லாம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். நான் எடுத்த சீட்டில் ‘குமிழி’ என்று இருந்தது. நீ சொன்னாய். சாய்ந்த எழுத்தில் ‘குமிழி’ என்று திரையில் வந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இன்னொரு தரம் சொல்லுடா” என்றார். அவர் உன்னிடம் நேராகக் கேட்டு, உன் பதிலை நேராகத் திரையில் படித்தார். நான் அவர்களுக்கு நடுவில் நிற்கவில்லை.

எனக்கு அந்தப் பெட்டியின் மேல் மரியாதை வந்தது வேறு ஒரு காரணத்தால். அதற்கு நீ சொன்னது பிடிபடாவிட்டால் திரையில் ஒரு கேள்விக்குறியைப் போடும். அவ்வளவுதான். உன் வாழ்க்கையில் எத்தனை பேர் உன் பேச்சைக் கேட்டுவிட்டு, ஒன்றும் புரியாமலே, “ஆமாம்பா, ஆமாம்பா” என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! புரியாதபோது புரியவில்லை என்று உன் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் அந்தப் பெட்டிதான். நீ வெளியே வாழப்போகும் இடத்திலும் இதை நினைவில் வை. மறுபடி சொல் என்று கேட்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். சீக்கிரம் தலையாட்டுபவரிடம் கவனமாக இரு.

தொழிற்சாலைச் சொற்கள் முடிந்ததும், “உங்களுக்கு வேற என்ன சொல் வேணும்?” என்று செல்வி உன்னைக் கேட்டாள். ‘அம்மா’ என்றாய், எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. ‘வேண்டாம்’, ‘டீ’ என்றாய். அப்புறம் நீ சொன்ன சொல்லுக்கு நான், “‘மறுபடி’ன்னு ஒண்ணு வேணுமாம்” என்றேன். நீ மேசையை அடித்தாய். செல்வி என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். “அது இல்லியாம் ஆன்ட்டி.” நான் கொஞ்ச நேரம் சமாளித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் சொன்னேன். “மடையன்.” அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். “இத்தனை நாளா இந்தச் சொல் இல்லாம எப்படிச் சமாளிச்சார்?” என்று கேட்டுக்கொண்டே அதையும் ஏற்றினாள்.

சீல் பார்க்கும் வேலைக்குக் கம்பெனியில் உன்னைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது செல்வியின் நச்சரிப்பால். சீல்களைக் கையில் எடுத்துத் திருப்ப உன்னால் முடியாது, அதனால் சீல்கள் விளக்கடியில் பெல்ட்டில் மெதுவாக நகரும்படி செய்திருந்தார்கள். நீ பார்த்துச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் திரையைப் பார்த்துப் பிரித்துப் போடுவார். மேனேஜர் மரியாதையானவர், ஆனால் உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துத்தான் பேசினார். “மேடம், பையனுக்கு ஷிப்ட் முழுக்க உட்கார முடியுமா? ஏதாவது வேணும்னா எங்களுக்குப் புரியாதே. தினம் நீங்க கூட வந்து உட்காருவீங்கன்னா யோசிக்கலாம். இல்லேன்னா கஷ்டம்.” எனக்கு அலுவலகம் இருக்கிறது. ஆனாலும், லீவு போடலாம், சம்பளமில்லாத விடுப்பு எடுக்கலாம், முன்கூட்டியே ஓய்வு வாங்கலாம் என்று என் மனம் அதற்குள் எங்கெங்கோ ஓடிவிட்டது. நீ வாயைத் திறந்தாய். நான் வழக்கம் போல முந்திக்கொண்டேன். “அம்மா கூட இருந்தா நல்லா செய்வேங்கறான் சார்.”

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வரியில் ‘அம்மா’ என்றும் அடுத்த வரியில் ‘வேண்டாம்’ என்றும் சாய்ந்த எழுத்தில் இருந்தது.

முதலில் சிரித்தது சூப்பர்வைசர் கன்னியப்பன், வல்லம் கிராமத்துக்காரர். “இன்னாம்மா இது, நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவுரு ஒண்ணு சொல்றாரு?” எல்லோரும் சிரித்தார்கள். செல்வி தரையைப் பார்த்தாள். உன் முகத்தில் சிரிப்பு இல்லை, பயம் இருந்தது. நான் என்ன செய்வேன் என்ற பயம். எனக்குக் காது சூடேறியது. அவமானம் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். ஆனால் அந்த அவமானத்துக்கு அடியிலேயே, நம்ப மாட்டாய், ஒரு துள்ளல். என் மகன் என்னை மறுத்துப் பேசினான், அதை ஒரு மேனேஜர் படித்தார்! வீட்டுக்கு வீடு பிள்ளைகள் செய்கிற காரியம் அது. நம் வீட்டில் அதற்கு இத்தனை வருடம் ஆயிற்று. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, “அவன்கிட்டயே கேட்டுக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நேரம் என் வாழ்க்கையிலேயே மிக நீளமானது. உள்ளே ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ் இயந்திரங்கள் ஓடும் சத்தம் ரோடுவரை கேட்டது. கிரைண்டருக்கே திணறிய கம்ப்யூட்டர் அது. அது தோற்றால் நீ அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மறுபடியும் ஒரு சத்தம் மட்டும்தான். இனிமேல் எந்தக் கம்பெனி வாசலுக்கும் நீ வரச் சம்மதிக்க மாட்டாய், தேர்வு எழுதச் சம்மதிக்காதது போல. எழுந்து உள்ளே போகக் கால் பரபரத்தது. ஊற்றி வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

கன்னியப்பன் ரோட்டைத் தாண்டி வந்தார். “இன்னாம்மா, இங்கியே குந்திகினு கீறீங்க? உள்ள உங்க புள்ள மிஷினோட சண்ட போட்டுகினு கீறாரு.”

“என்ன ஆச்சு?”

“பிரஸ் போடற சத்தத்துல மிஷின் தப்பா போடுது. கிழிஞ்ச சீலுக்கு ‘சரி’ன்னு போட்ருச்சு. அவுரு வுடல. மறுக்கா மறுக்கா ‘வெட்டு’, ‘வெட்டு’ன்னு கத்தறாரு. பெல்ட்ட நிறுத்துன்னு தலயாலயே காட்டறாரு. ஒரு பீஸ்தான, வுட்டுட்டுப் போலாம்னாரு மேனேஜரு. அதுக்கு ஸ்கிரீன்ல இன்னா வந்துச்சு தெரியுமா?”

“என்ன?”

“மடையன்.”

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். “யாரைச் சொன்னான்?”

“அதான் மேனேஜரும் கேக்கறாரு. மிஷினச் சொன்னியா, என்னியச் சொன்னியான்னு. உங்க புள்ள சிரிச்சிகினே கீறாரு, வாயத் தொறக்கலயே!” கன்னியப்பன் கடைக்காரர் நீட்டிய டீயை ஒரே மூச்சில் குடித்தார். “அப்பறம் அந்தப் பொண்ணு மைக்க வாய்கிட்ட கட்டி, சுத்தி பஞ்சு வெச்சிது. இப்ப ஒழுங்கா போடுது. மேனேஜரு இன்னா சொன்னாரு தெரியுமா? ஒரு பீஸக்கூட வுடமாட்டேங்கற ஆளத்தான நாம தேடிகினு கீறோம், மூணு மாசம் வேல குடுத்துப் பாப்போம்னாரு. வாங்கம்மா உள்ள. இல்ல, வேணாம், இங்கியே இருங்க. அவுரே வருவாரு.”

நீ வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து உன் எதிரில் உட்கார்ந்து பிரித்துப் போடுபவர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அவரோடு சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்குகிறேன் என்று நீ வீட்டில் சொன்னபோது நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். காலையில் அப்பா உன்னைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கப் படும் பாடு எனக்குத் தெரியும், இருந்தாலும் சண்டை போட்டேன். அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது சில சொற்கள், அதுவும் கம்பெனியில் இருக்கிறது. அறையில் உனக்கு வயிற்றுவலி வந்தால் யாருக்குப் புரியும்? அப்பா, “போகட்டும் விடு” என்றதோடு நிறுத்திக்கொண்டார். நான் நேராக இசக்கிமுத்துவிடமே கேட்டேன். “அவன் பேசறது உங்களுக்குப் புரியாதேப்பா?”

“இப்பம் பாதிக்கு மேல புரியுது அக்கா.”

“எப்படி?”

“அவன் வாயத் தொறந்து சொல்லுவான், நா ஸ்கிரீனப் பாப்பேன். எழுத்து வரும். நாள் பூராவும் அதானே வேலை. கேட்டுக் கேட்டு, படிச்சுப் படிச்சு, காது பழகிட்டு. இப்பம் நா ஸ்கிரீனப் பாக்கதே இல்ல. அது தப்பாப் போட்டாலும் நா சரியாப் பிரிச்சிருவேன்.”

இதைச் செல்வி திட்டமிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பெட்டி உன் பேச்சைக் கற்றுக்கொண்டது, பெட்டியைப் பார்த்து மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள். செல்வியிடம் சொன்னபோது அவள் போனிலேயே கத்தினாள். நானும் கத்தினேன். போஸ்ட் ஆபீஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியப்பன் வேறு சும்மா இருக்கவில்லை. சேரப்பணஞ்சேரியிலிருந்து தன் தங்கையையும் அவள் மகளையும் போன வாரம் நம் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். உன்னைப் போலவே பேசும் பெண். “எம் பொண்ணு பேசறதும் அதுக்குப் புரியுமாம்மா?” என்று அந்தத் தாய் கேட்டாள். தெரியாது, ஆளுக்கு ஆள் மாறும், சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு வராது. ஆனால் செல்வியை வரச்சொல்லிவிட்டேன். கிளம்பும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். “உங்களுக்கு வணக்கம் சொல்றா” என்றாள் தாய். அவள் சொன்னது வணக்கம் இல்லை என்று அந்தத் தாயின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

உனக்கு நான் சொல்ல நினைத்த அறிவுரைகளில் பாதியை எழுதும்போதே அடித்துவிட்டேன். மீதி இவ்வளவுதான். களைத்துப்போனால் களைத்துவிட்டது என்று சொல், கெட்டிக்காரத்தனம் காட்டி உட்கார்ந்திருக்காதே. மூன்று மாதம் முடிந்து அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேள், கேட்காமல் வந்துவிடாதே. அந்த இயந்திரம் உனக்குச் செய்தது தருமம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. உன் குரலால்தான் அது கற்றது, அதற்குப் பாடம் நடத்தியது நீ. இனி வரும் பெட்டிகள் இதைவிட நிறையச் சொற்களைப் புரிந்துகொள்ளும் என்கிறாள் செல்வி. வரட்டும். நான் ஒவ்வொன்றையும் சீட்டுக் குலுக்கிச் சோதிப்பேன்.

நேற்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த உன்னைக் கூட்டிப்போகக் கம்பெனி வாசலில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி சொல்லியிருக்கிறேன், பாத்திரம் எல்லாம் கட்டியாயிற்று என்று ஆரம்பித்தேன். நீ குறுக்கிட்டு ஏதோ சொன்னாய். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாய். அப்போதும் புரியவில்லை. உன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் எனக்குப் புரியாமல் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, அது எனக்கு நடந்ததே இல்லை. நான் திகைத்துப்போய் இசக்கிமுத்துவைப் பார்த்தேன். “என்னப்பா சொல்றான்?”

“ஞாயித்துக்கெழம ஓ.டி. இருக்காம் அக்கா. சாமானத் திங்கக்கெழம ஏத்திக்கிடலாங்கான்.”

ஓ.டி., அதாவது ஓவர்டைம், இந்த வீட்டில் நாங்கள் யாரும் சொல்லாத சொல். நான் உனக்குக் கற்றுக்கொடுக்காத சொல். அதை நீ அங்கே, அந்தச் சத்தத்துக்கு நடுவில், உன் ஆட்களிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். அம்மாவுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீ என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இளக்காரம்கூட இருந்தது. நான் ரோட்டோரத்தில் நின்றுகொண்டு, பைத்தியம் மாதிரி, இன்னொரு தரம் சொல்லு, இன்னொரு தரம் சொல்லு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டியைத் திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டேன். டிரைவர் புது ஆள், உன் அறைக்கு வழி தெரியாதாம். நீ முன் சீட்டில் உட்கார்ந்து எங்கே திரும்ப வேண்டும் என்று சொல். அவருக்குப் புரியாவிட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லி மறுபடி சொல். அரை மணி நேர வழிக்கு அரை நாள் ஆனாலும் பரவாயில்லை. நான் பின்னால் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் வருகிறேன்.

அம்மா